முக்காடிட்ட தெய்வத்தை ஆட்ட மேசைக்கு அழைத்து வருவது எப்படி?

ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி நடித்துக் கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் ஆட்டங்களில் வரும், ஃபே எனப்படும் மாய இனத்து அரைத்தெய்வங்களை நடத்துவதற்கு, மற்ற எந்தப் பாத்திரத்தையும்விட அதிக முன்னேற்பாடு தேவை. அரக்கனுக்கு வலிமை இருந்தால் போதும், அரசனுக்கு ஆசை இருந்தால் போதும். மர்மத்தையே இயல்பாகக் கொண்ட ஒருவரை, ஆட்டத்தின் கதையை நடத்தும் கேம் மாஸ்டர் ஆயத்தமின்றிப் பேச வைத்தாலோ, அவர் விடுகதை சொல்லிவிட்டு மறையும் புகையாகிவிடுகிறார். இரண்டு அமர்வுகளுக்குள் ஆட்டக்காரர்கள் அவர் சொல்வதைக் கேட்பதையே விட்டுவிடுவார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கங்களில் தமிழிலேயே பேசி ஆட நினைக்கும் குழுக்களுக்காக எழுதப்படும் இந்த வழிகாட்டி, பாத்ஃபைண்டர் ஆட்டத்தில் வரும் ‘முக்காடிட்ட இங்’ என்பவரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

அவரைப் பற்றி அறிய வேண்டியவை சிலவே. பைஸோ நிறுவனம் 2009-இல் முழு விதிநூலுடன் வெளியிட்ட பாத்ஃபைண்டரின் உலகம் கோலாரியன். அந்த உலகைப் படைப்பதற்கு முன்பு கடவுளர் வரைந்து பார்த்த முதல் படிவமே முதல் உலகம் எனப்படுகிறது. ஃபே இனத்தின் பிறப்பிடம் அதுதான். உயிர்கள் இறந்து, தீர்ப்புப் பெற்று, வேறிடம் சேரும் சுழற்சிக்கு வெளியே அந்த உலகம் நிற்பதால், அங்கே மடிபவர்கள் மீண்டும் உருக்கொள்கிறார்கள். அங்குள்ள பேராற்றல் மிக்கவர்களை மூத்தோர் என்பார்கள். விளக்கரசன், பசுந்தாய், காலத்தை ஆளும் ஷைக்கா ஆகியோரைப் போல இங் என்பவரும் அவர்களுள் ஒருவர். பருவங்களும் இரகசியங்களும் நாடோடிகளும் அவருடைய ஆளுகைக்கு உட்பட்டவை. முக்காட்டுக்குள் இருப்பது என்ன என்பது மறைபொருளாகவே விடப்பட்டிருக்கிறது.

முதல் அமர்வுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. அவர் யார் என்ற கேள்விக்கு நீங்களும் விடை தேட வேண்டாம். அவருக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் ஐயத்துக்கு இடமின்றி முடிவு செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான கேம் மாஸ்டர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிறப்பு வரலாற்றைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்துக்கொண்டு, பாத்திரம் எதிரில் வந்து நிற்கும்போது அதற்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் தடுமாறுகிறார்கள். ஆட்டக்காரர்கள் மோதிப் பார்ப்பது விருப்பத்தோடுதான். வரலாற்றோடு அவர்களால் மோத முடியாது. விருப்பத்துக்குக் கீழே, அவர் எப்போதும் செய்யும் இரண்டு செயல்களையும் ஒருபோதும் செய்யாத இரண்டு செயல்களையும் எழுதுங்கள். பருவம் மாறும் வாரத்தில் மட்டும் வருவார், கேட்ட கேள்விக்கு இரகசியத்தையே விலையாகப் பெறுவார், கூரைக்குக் கீழே நின்று பேசமாட்டார், பொய் சொல்லமாட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த நான்கும் விதிநூலில் உள்ளவை அல்ல. நம் மேசைக்காக நாம் வகுத்துக்கொள்பவை. வகுத்த பிறகு எந்த நெருக்கடியிலும் இவற்றை மீறக் கூடாது. மூன்றாம் முறை அவரைச் சந்திக்கும்போது ஓர் ஆட்டக்காரர் தாமாகவே, “வெளியே போய்க் கூப்பிடலாம், அவர் திண்ணைக்குள் வரமாட்டார்” என்று சொன்னால், அந்தத் தெய்வம் உங்கள் மேசையில் உயிர் பெற்றுவிட்டது என்று கொள்ளலாம்.

அடுத்தது இடம். ஃபே என்றவுடன் பனி மூடிய ஓக் காடுகளையும் காளான் வட்டங்களையும் விவரிக்கத் தோன்றும். அவற்றை நேரில் பார்த்திராத ஆட்டக்காரர்களுக்கு அவ்விவரிப்பு கண்ணுக்குள் நிற்காது. காங்கேயம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடுகளைப் போன்ற ஒரு வறண்ட நாட்டைக் கதைக்களமாக்கிப் பாருங்கள். கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரங்களும், சுற்றிலும் உயிர்வேலியாகக் கிளுவையும், நுழைய ஒரு படலும் உள்ள மேய்ச்சல் நிலம், எல்லைகளைப் பற்றிய கதைக்கு மிகவும் பொருந்தும். வேலிக்கும் வேலிக்கும் நடுவே ஒடுங்கிச் செல்லும் இட்டேரிதான் இரண்டு உலகங்களுக்கும் இடைப்பட்ட வழி என்று வைத்துவிட்டால், தனியாக ஒரு மாயவாசலே தேவைப்படாது. இரு பக்கமும் முள்ளும் கொடியும் மூடிய அந்தப் பாதையில் நடப்பவருக்கு அடுத்த திருப்பத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. வழக்கமாக மூன்று திருப்பங்கள் உள்ள இட்டேரியில் இன்று நான்காவது திருப்பம் வருகிறது என்று நீங்கள் சொன்னாலே போதும். இங் என்பவரும் இந்த நிலத்துக்கு ஏற்ற தோற்றத்தில் வரட்டும். சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மழையில்லாத நாளில் இட்டேரி ஓரமாக நிற்கும் ஆடு மேய்ப்பவரைக் கண்டால், அந்தச் சாக்கு எதற்கு என்ற கேள்வியை ஆட்டக்காரர்களே எழுப்பிவிடுவார்கள்.

பருவங்கள் அவருக்கு உரியவை என்பதால், வருகைக்குரிய காலத்தையும் இங்கிருந்தே எடுக்கலாம். சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஆனியிலும் ஆடியிலும் உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கங்களில் எப்படி வீசும் என்பதை இங்கே வாழ்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மேற்கே மழை கொட்ட, இங்கே வெறுங்காற்று மட்டும் வந்து சேரும் அந்த நாட்களில் அவரை வரவழையுங்கள். காற்று திடீரென்று நின்றுபோகும் ஒரு கணத்தை அவருடைய வருகைக்கு அடையாளமாக வைத்து, ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் விவரியுங்கள். பிறகு ஒருநாள் அவர் வராத இடத்திலும் காற்று நின்றதாகச் சொன்னால், மேசையே அமைதியாகிவிடும். ஆனால் அந்த உத்தியை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது.

மர்மத் தெய்வம் மனிதரோடு பேசும் வழி எதுவாக இருக்க வேண்டும் என்பதை நாம் நம் ஊரிலேயே கற்றுக்கொள்ளலாம். காங்கேயத்துக்கு அருகிலுள்ள சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. ஏதோ ஒரு பக்தரின் கனவில் வந்து ஆண்டவர் ஒரு பொருளைக் குறிப்பிடுவார். அவர் கோயிலுக்கு வந்து சொன்னதும் பூக் கேட்டு உத்தரவை உறுதி செய்துகொண்டு, அப்பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். இன்னொருவர் கனவில் வேறு பொருள் வரும்வரை அது அங்கேயே இருக்கும். அதற்குக் காலக்கெடு கிடையாது. தண்ணீர், மண், மஞ்சள் என்று அன்றாடப் பொருள்கள் வைக்கப்பட்டபோதெல்லாம், அவை எதை முன்னுணர்த்துகின்றன என்று ஊரே பேசும். இந்த வழக்கத்தை உற்று நோக்கினால் கேம் மாஸ்டருக்குப் பல நுணுக்கங்கள் கிடைக்கும். அறிகுறி கையால் தொடக்கூடிய எளிய பொருளாக இருக்கிறது; அது எல்லோர் கண்ணிலும் படுகிறது; பொருள் விளக்கம் எதுவும் உடன் வருவதில்லை; யாருடைய கனவில் வரும் என்பதும் தெரிவதில்லை. உங்கள் ஆட்டத்திலும் இங் அனுப்பும் அறிகுறி அப்படியே இருக்கட்டும். ஊர் மந்தையில் ஒருநாள் காலையில் ஒரு படி எள் குவிந்து கிடக்கிறது என்று சொல்லிவிட்டு, அது நிறைவேறக்கூடிய மூன்று வழிகளை உங்கள் தாளில் எழுதி வையுங்கள். ஆட்டக்காரர்களின் ஊகங்களைக் கேட்ட பிறகு, அவற்றுள் எது நடந்தால் கதை ஆழமாகும் என்று பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் ஏதாவது ஒன்று நடந்தே தீர வேண்டும். நிறைவேறாத அறிகுறி ஒன்று போதும், அடுத்த அறிகுறியை யாரும் நம்பமாட்டார்கள்.

இங்கே உறுதியாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. மாசாணியம்மனையோ, கருப்பராயனையோ, கன்னிமாரையோ, சிவன்மலை ஆண்டவரையோ ஆட்டப் பாத்திரங்களாக்க வேண்டாம். அவர்கள் நம் வீட்டாரும் அயலாரும் இன்றும் பொங்கல் வைத்துக் கும்பிடும் தெய்வங்கள்; மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களில் யாருக்கு யார் குலதெய்வம் என்பது உங்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம். உத்தரவு எப்படி வந்து சேர்கிறது என்ற ஒழுங்கை மட்டும் அறிந்து, அதைக் கற்பனைத் தெய்வத்துக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்வதே முறை.

பேரம் பேசும் காட்சியில்தான் பல ஆட்டங்கள் தளர்ந்துபோகின்றன. இரகசியத்தை விலையாகக் கேட்கும்போது, அது பாத்திரத்தின் இரகசியமாக இருக்க வேண்டுமே தவிர, ஆடுகிறவரின் சொந்த வாழ்க்கையை ஒருபோதும் தொடக் கூடாது. ஆட்டக்காரர் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உங்களிடம் தரட்டும். தந்த பிறகு அந்தப் பாத்திரம் அதைப் பேசவோ நினைக்கவோ முடியாது. ஆனால் இங் அதை இன்னொருவருக்கு விற்கலாம். சில அமர்வுகள் கழித்து, முன்பின் தெரியாத ஒரு சந்தை வியாபாரி அந்த இரகசியத்தைத் தன் சொந்த நினைவாகச் சொல்லத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை கொடுத்த ஆட்டக்காரருக்கு அது யாருடையது என்று தெரியும், அவருடைய பாத்திரத்துக்குத் தெரியாது. அவர் அதை நடித்துக் காட்டும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே இவ்வளவு ஆயத்தமும் செய்யலாம்.

பேச்சில் மிரட்டல் வேண்டாம். கொங்கு நாட்டு மரியாதையே இதற்குப் போதுமான கருவி. குழந்தையிடமும் கள்வனிடமும் தன்னைக் கொல்ல வந்தவனிடமும் ஒரே மாதிரி ‘ங்க’ போட்டுப் பேசும் ஒருவர், உறுமும் அரக்கனைவிட அச்சம் தருகிறார்.

“வாங்க அம்மணி. நடந்தேவா வந்தீங்க?”

“ஆமாங்க. இந்த இட்டேரி வழியாத்தான்.”

“செரிங்க. அப்ப அந்த வழி இனி உங்களுக்கு இல்லீங்க.”

இவ்வளவோடு நிறுத்திவிட்டு, ஆட்டக்காரரின் முகத்தைப் பாருங்கள்; விளக்கம் கேட்டால் அதற்கும் ஓர் இரகசியம் விலை என்று நினைவூட்டுங்கள். ஊரார் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடக் கூடாது. “மேக்க இருந்து வர்றவரு” என்றோ, “அவுரு” என்றோ தாழ்ந்த குரலில் சொல்லட்டும்.

கணக்குகளைப் பொறுத்தவரை, அவருக்குச் சண்டைக்கான எண்களைத் தயாரிக்காமல் இருப்பதே நல்லது; எண்கள் இருந்தால் பகடை உருளும், உருண்டால் மர்மம், எவ்வளவு அடி தாங்குவார் என்று காட்டும் உயிர்ப்புள்ளிகளாகச் சுருங்கிவிடும். காலப்பிறழ்வை விரும்பினால் பயன்படுத்தலாம். இதே வகையைச் சேர்ந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014 பதிப்பில், ஃபே உலகிலிருந்து திரும்புவோருக்குக் காலம் கூடியோ குறைந்தோ கழிந்திருக்கும் என்ற விருப்ப விதி, இருபது முகப் பகடையோடு தரப்பட்டிருக்கிறது. அதைக் கையாளும்போது இழப்பு நிலத்தில் தெரியட்டும்: ஒரு மாதம் கழித்துத் திரும்பியவர்கள் ஆடிப்பட்டம் தவறி, ஊரெல்லாம் முளைத்து நிற்கத் தம் காடு மட்டும் வெறுமையாகக் கிடப்பதைக் காண வேண்டும். ஆண்டுக்கணக்கில் காலம் தாவும் முடிவு பகடையில் வந்தால், குழுவின் ஒப்புதலைக் கேட்ட பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.

என்றாவது ஒருநாள் யாரேனும் முக்காட்டை விலக்குவேன் என்று எழுந்து நிற்பார். தடுக்க வேண்டாம், அதற்கான பகடையும் உருட்ட வேண்டாம். விலக்கியவர் கண்டதைச் சொல்ல நீங்கள் முயன்றால் எந்த விவரிப்பும் ஏமாற்றமே தரும். ஆகவே அந்த ஆட்டக்காரரைத் தனியே அழைத்து, அவர் என்ன கண்டார் என்பதை அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். பிறகு, அதுவே அவருடைய பாத்திரம் இனிச் சுமக்கும் இரகசியம் என்றும், அதை இங் திரும்ப வாங்க வரும் பருவம் எது என்றும் சொல்லிவிட்டு, அந்த மாதத்தை உங்கள் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.