குழாயின் வெண்கறைக்கு முதலில் வினிகர்

வீடு முழுவதையும் சுத்தம் செய்யும் நாளில், அலமாரிகளைத் திறப்பதற்கு முன்பே, வினிகரில் நனைத்த பழைய துணியைக் குளியலறைக் குழாய்களின் மீது சுற்றி வைத்துவிட வேண்டும். கடின நீர் படிய விட்ட வெண்கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்பதால், வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலம் அதை மெல்லக் கரைக்கிறது. வேண்டாத பொருள்களை நாம் பிரித்து ஒதுக்கும் அரை மணி நேரத்தில், தேய்க்கும் வேலையின் பெரும்பகுதி தானாகவே முடிந்துவிடுகிறது. பிறகு நீரால் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்தால், குழாய் பளபளப்பதைப் பார்ப்பதே மனத்துக்கு நிறைவு.

பளிங்குக் கல்லையும் முலாம் உரிந்த குழாயையும் அமிலம் அரித்துவிடும் என்பதால் அவற்றுக்கு இது பொருந்தாது. பிளீச்சிங் பவுடர் பயன்படுத்திய இடத்தில் வினிகர் படவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும்.