பார்த்த படத்தைப் பற்றி நாலு வரி எழுதுவது எப்படி?

"படம் சூப்பர், கட்டாயம் பாருங்க" என்று போட்டால் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று தெரியும், ஏன் பிடித்தது என்று தெரியாது. "மொக்கை" என்பதும் அப்படித்தான். படத்திலிருந்து ஒரு காட்சியைக் காட்டிப் பேசினால்தான் அது கருத்து. புதிதாக எழுத வருகிறவர்களுக்காக 'மெய்யழகன்' (2024, இயக்கம் பிரேம்குமார்) படத்தை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: அன்றைக்கே குறித்து வையுங்கள்

படம் முடிந்ததும் யூடியூப் பக்கம் போகாதீர்கள். மனதில் நிற்கிற இரண்டு மூன்று விஷயங்களை ஃபோனில் தட்டி வையுங்கள், ஒரு வசனமோ, ஒரு முகமோ, கொட்டாவி வந்த இடமோ, எதுவானாலும் சரி. முதலில் இன்னொருவர் விமர்சனத்தைக் கேட்டுவிட்டால் அவர் சொன்ன வார்த்தைதான் நம் வாயிலும் வரும், அப்புறம் எது நம்முடையது என்று பிரிக்கவே முடியாது.

படி 2: கதை மூன்று வரிதான்

"1996இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து ஊரைவிட்டுப் போன அருள் (அரவிந்த்சாமி), பல வருஷம் கழித்துத் தங்கை முறையான புவனாவின் கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறான். அங்கே 'அத்தான், அத்தான்' என்று ஒருவன் (கார்த்தி) ஒட்டிக்கொள்கிறான். அவன் பேர்தான் அருளுக்கு ஞாபகம் வரவில்லை." இதோடு நிறுத்துங்கள். அந்தப் பேர் தெரிய வருகிற இடத்தை எழுதிவிட்டால் படத்தை இன்னும் பார்க்காதவரிடமிருந்து ஒரு நல்ல நிமிஷத்தைப் பறித்த மாதிரி ஆகும், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

படி 3: கருத்தைக் காட்சியோடு கட்டுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். "உணர்ச்சிகரமான படம்" என்று எழுதத் தோன்றும். எழுதலாம், ஆனால் அடுத்த வரியிலேயே எந்த இடத்தில் என்று சொல்ல வேண்டும். கல்யாண மேடைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அருள் கொண்டுவந்த பரிசைப் புவனா மேடையிலேயே பிரித்து, அத்தனை பேர் முன்னால் நகைகளை அங்கேயே போட்டுக்கொள்கிறாள், அருள் குனிந்து கொலுசை மாட்டிவிடுகிறான். இத்தனை வருஷம் வராமல் இருந்ததற்கு யாரும் யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை, அழுகையும் சிரிப்பும் அந்தக் கொலுசிலேயே வந்துவிடுகிறது. இப்படி எழுதினால் "உணர்ச்சிகரமான" என்ற சொல்லே தேவைப்படாது, படிப்பவரே உணர்ந்துகொள்வார்.

இசை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாவற்றுக்கும் தலைக்கு ஒரு வரி எழுதியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கோவிந்த் வசந்தாவின் இசை ஒரு இடத்தில் உங்களைப் பிடித்து நிறுத்தியதா, அந்த இடத்தை எழுதுங்கள். இல்லையா, விட்டுவிடுங்கள்.

படி 4: குறையையும் இடம் சுட்டிச் சொல்லுங்கள்

"செகண்ட் ஹாஃப் லேக்" என்பது எல்லாப் படத்துக்கும் பொருந்துகிற வரி, அதனாலேயே எதற்கும் பயன்படாது. இரவெல்லாம் இருவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிற பகுதியில் உங்களுக்குப் பொறுமை போனதென்றால், எந்தப் பேச்சில் போனது என்று எழுதுங்கள். அதே பேச்சுதான் படத்தின் உயிர் என்று நினைக்கிறவரும் இருப்பார். நீங்கள் இடத்தைக் காட்டியிருந்தால் அவர் உங்களோடு வாதாடலாம், அந்த வாதம் படிக்கவும் நன்றாக இருக்கும். நடிகரின் உடம்பு, நிறம், சொந்த வாழ்க்கை, அவருடைய ரசிகர்கள், இதெல்லாம் கருத்துக்குள் வரவே கூடாது.

படி 5: எதைப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்

பலரும் விடுகிற விஷயம் இது. மெய்யழகன் 2024 செப்டம்பர் 27 அன்று வெளியாகி, சில நாளில் சுமார் 18 நிமிடம் குறைக்கப்பட்டது. முதல் நாள் பார்த்தவரும் பிறகு பார்த்தவரும் நீளத்தைப் பற்றிச் சண்டை போட்டால் இருவரும் வேறு வேறு படத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் அர்த்தம். அதனால் தியேட்டரா, ஓடிடியா, எப்போது பார்த்தீர்கள் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

பதிவிடும் முன் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். பக்கத்தில் இருக்கிற நண்பரிடம் சொல்லக் கூசுகிற வரி ஏதாவது இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இயக்குநர், இசையமைப்பாளர் பெயர்களைப் படத்தின் டைட்டிலில் சரிபார்த்துவிட்டுப் போடுங்கள்.