மால்டாவில் ஹெலிகாப்டர் புதையல் வேட்டை: டிவி முன் உட்கார்ந்தே துப்பு கண்டுபிடிப்பது எப்படி?

பிரிட்டனின் சேனல் 4 டிவி 1982-ல் தொடங்கிய 'ட்ரெஷர் ஹன்ட்' (புதையல் வேட்டை) ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? ஸ்டுடியோவில் இருவர் வரைபடத்தையும் புத்தகங்களையும் புரட்டித் துப்பை அவிழ்ப்பார்கள், அவர்கள் சொல்லும் இடத்துக்கு இன்னொருவர் ஹெலிகாப்டரில் பறப்பார், மொத்தமே 45 நிமிடம்தான். அதே பாணியில் மால்டாவின் பழங்காலக் கற்கோயில்களில் வேட்டை நடந்தால் நீங்களும் வீட்டிலிருந்தே விளையாடலாம்.

மால்டா பல தீவுகள் கொண்ட நாடு, அதனால் முதலில் எந்தத் தீவு என்று முடிவு செய்யுங்கள். துப்பில் 'அரக்கி' வந்தால் கோசோ தீவின் ஜிகாந்தியா கோயில்; 5,500 ஆண்டுக்கு மேல் பழசு, ஓர் அரக்கி கல் சுமந்து கட்டினாள் என்பது ஊர்க்கதை. சம இரவு நாள் (பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள்), சூரிய உதயம் என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம், மால்டா தீவின் ம்னாய்த்ரா கோயில். அன்று காலை வெயில் கீழ்க்கோயிலின் வாசல் வழியே நேராக உள்ளே விழும். நிலத்தடி என்றால் அதே தீவில் பாறைக்குள் குடைந்த ஹால் சஃப்லியேனி, அங்கே ஹெலிகாப்டரால் ஒரு பயனும் இல்லை!

அப்புறம், மேலிருந்து தேடும்போது கற்களைத் தேடாதீர்கள். ம்னாய்த்ராவுக்கும் பக்கத்திலுள்ள ஹாஜார் இம் கோயிலுக்கும் மேலே பாதுகாப்புக்காகப் பெரிய வெள்ளைக் கூடாரங்கள் போட்டிருக்கிறார்கள், அதுதான் முதலில் கண்ணில் படும். இரண்டில் கடலுக்குப் பக்கத்தில், சரிவில் இருப்பது ம்னாய்த்ரா.