நெளிகுழாய் ஊளையிட்டால் என்ன செய்ய வேண்டும்?

கப்பலூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் காற்றுத் தொட்டிக்கும் இயந்திரத்துக்கும் இடையே போடப்படும் எஃகு நெளிகுழாய், ஓட்டம் கூடும்போது திடீரெனச் சங்கு ஊதுவதைப் போல ஒலிக்கத் தொடங்கினால், பலரும் அதைக் கசிவு என்றே எண்ணி நட்டுகளை இறுக்குகிறார்கள். அதற்கு முன் குழாயின் கடைசி வால்வை மெல்ல மூடிப் பாருங்கள். அழுத்தம் குறையாமல் இருக்க, ஒலி மட்டும் அடங்கினால் அது கசிவன்று. மீண்டும் திறக்கையில் சுருதி சீராக உயராமல் படிப்படியாகத் தாவினால், பாடுவது நெளிவுகள்தாம்.

ஒவ்வொரு நெளிவின் பள்ளத்தையும் காற்று கடக்கும்போது சிறு சுழல்கள் உதிர்கின்றன. அவை உதிரும் வேகம் குழாயின் நீளத்துக்கு உரிய ஒலியலையோடு ஒத்துப்போனால், இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. மின்கம்பிக்குப் போடும் நெளிகுழாயில் ஒரு முழ நீளத்தை வெட்டி வேகமாகச் சுழற்றினால் இதையே காதால் கேட்கலாம்.

அடுத்து ஓட்ட வேகத்தைக் கணக்கிட வேண்டும். இங்கேதான் பிழை மிகுதியாக நேர்கிறது. கம்ப்ரஸர் தகட்டில் உள்ள சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) வெளிக்காற்றின் அளவு. அழுத்த அளவி 7 பார் காட்டும் குழாய்க்குள், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் 8 பார் என்பதால், அது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 25 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் 66 சிஎஃப்எம் சென்றால் வேகம் நொடிக்குச் சுமார் 8 மீட்டர். அதை, சுழல் உதிர்வுக்குரிய தோராய எண்ணான 0.5 ஆல் பெருக்கி, பள்ளத்தின் அகலமான 0.004 மீட்டரால் வகுத்தால், சுழல்கள் உதிரும் அதிர்வெண்ணாக 1,000 ஹெர்ட்ஸ் கிடைக்கும். இது தோராயமே. எனினும், கைபேசிச் செயலியில் அளந்த சுருதி இதற்கு அருகில் இருந்தால் ஐயம் தீர்ந்தது.

குழாயைக் கிளாம்ப் போட்டுக் கட்டுவது ஆட்டத்தைக் குறைக்குமே தவிர ஒலியின் மூலத்தைத் தொடாது என்பதால், வேகத்தைக் குறைப்பதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். 32 மி.மீ. குழாய்க்கு மாறினால் வேகம் 5 மீட்டருக்குச் சற்றுக் கீழே இறங்கும். அசைவு தேவைப்படும் இடத்தில் மட்டும் குட்டையான நெளிகுழாயை வைத்து, மீதியை வழவழப்பான குழாயாக்குவதும், உட்புறம் வழவழப்பான ஹோஸ் வாங்குவதும் நல்ல வழிகள். சமையல் எரிவாயு இணைப்பாக இருந்தால் நீங்களே கை வைக்காமல் உரிமம் பெற்றவரை அழையுங்கள்.

மாற்றிய பிறகு, குறைந்த ஓட்டத்திலிருந்து முழு ஓட்டம் வரை வால்வைத் திறந்து சோதியுங்கள். ஒரு வேகத்தில் அடங்கியது வேறொரு வேகத்தில் எழக்கூடும். நெடுநாள் அதிர்ந்த குழாயில் அழுத்த அளவி பொருத்திய சிறு கிளைக்குழாயின் வெல்டிங்கில்தான் விரிசல் முதலில் தோன்றக்கூடும் என்பதால், அழுத்தத்தை முழுவதும் இறக்கிவிட்டு அவ்விடத்தைத் துடைத்துப் பாருங்கள்.