வரப்பில் தடுமாறாமல் நடக்க மூளையைப் பழக்குவது எப்படி?

குறுவை நடவின்போது, இருபுறமும் தண்ணீர் கட்டிய வயல்களுக்கு நடுவே வழுக்கும் வரப்பில் நடப்பவரின் மூளைக்குக் கண், உட்செவியின் அரைவட்டக் குழல்கள், உள்ளங்காலும் மூட்டுகளும் என மூன்று வழிகளில் செய்தி வருகிறது. அவற்றை ஒப்பிட்டு, பெருமூளை தசைகளுக்கு அனுப்பும் கட்டளைகளை அவ்வப்போது திருத்துவது சிறுமூளையின் வேலை. மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் மற்ற இரண்டும் ஈடுகட்டிவிடுவதால், பகலில் நன்றாக நடக்கும் பெரியவர்கள், அந்தி சாய்ந்து கண்ணின் உதவியும் குறைந்ததும் தடுமாறுகிறார்கள். ஆகவே எது தளர்ந்திருக்கிறது என்று முதலில் அறிய வேண்டும்.

சுவர் மூலையில் முதுகு காட்டி, பக்கத்தில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வெறுங்காலுடன் பாதங்களைச் சேர்த்து 30 நொடி நில்லுங்கள். பிறகு கண்களை மூடி அவ்வாறே நில்லுங்கள். இலேசான அசைவு இயல்பானதே. கண்ணை மூடியதும் சாய்ந்துவிட்டால், பெரும்பாலும் கால்களிலிருந்து வரும் உணர்வு குறைந்திருக்கும். நாள்பட்ட சர்க்கரை நோயும் பி12 சத்துக் குறைவும் அதற்குக் காரணமாகலாம். உட்செவிக் கோளாறிலும் இப்படி நேர்வதுண்டு. கண் திறந்திருக்கும்போதே நிற்க முடியாதவர்கள் பயிற்சியைத் தொடங்காமல் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

பயிற்சிக்குத் திண்ணைத் தூண் போதும். ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல்களைத் தொடுமாறு முன்பின்னாக வைத்து, முதலில் தூணைக் கையால் பற்றி நில்லுங்கள். சில நாட்களில் உள்ளங்கையை மட்டும் வையுங்கள். பிறகு ஒரே ஒரு விரல்நுனி. எடையைத் தாங்காத அந்த விரல்நுனித் தொடுகையே உடலின் அசைவைக் கண்கூடாகக் குறைத்துவிடும், ஏனெனில் உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அது மூளைக்கு உடனே சொல்கிறது. மூளை அறுவை மருத்துவர்களான பென்ஃபீல்டும் போல்ட்ரியும் 1937இல் வெளியிட்ட, உடலின் எந்த உறுப்புக்கு மூளையில் எவ்வளவு இடம் என்று காட்டும் வரைபடத்தில் கைக்கும் விரல்களுக்கும் மிகப் பெரிய இடம் இருப்பதை நினைத்தால் இது வியப்பன்று. வயலுக்கு ஊன்றுகோல் எடுத்துச் செல்ல வெட்கப்படுபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: கோல் வெறும் முட்டு அல்ல, ஓர் உணர்வுறுப்பு.

உட்செவிக்கு, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் தேதியில் பார்வையை நிறுத்தி, தலையை மட்டும் இடவலமாகத் திருப்புங்கள். எண் மங்காத வேகத்திலேயே திருப்ப வேண்டும். கழுத்து வலி உள்ளவர்கள் இதைத் தவிர்க்கவும்.

ஒரே நாளில் நெடுநேரம் செய்வதைவிடத் தினமும் சிறிது நேரம் செய்வதே பயனளிக்கும். பழகிய அசைவை மூளை உறக்கத்திலும் உறுதிப்படுத்திக்கொள்கிறது. பிறகு காலை வெளிச்சத்தில், காய்ந்த வரப்பில் நடந்து பாருங்கள். நாற்றுமுடியைச் சுமந்து நடப்பது கடைசியில்தான்.

திடீரெனத் தள்ளாட்டத்துடன் வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, அதைப் பித்தம் என்று எண்ணி எலுமிச்சைச் சாறு கொடுத்துக் காத்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள். மூளை இரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும்.