காற்றின் திசையைக் கொண்டு கடலைக் கணிப்பது எப்படி? கரையிலிருந்து தூண்டில் போடத் தொடங்குபவர்களுக்கான செய்முறை

கரையிலிருந்து தூண்டில் போடக் கிளம்பும் புதியவர்கள் பலர் காற்றின் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் புறப்படுகிறார்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு கரையில் கடலைக் குளம்போல் அமர்த்தி வைத்திருக்கும். அதே நேரத்தில், அதே காற்று, முனையைச் சுற்றி மறுபக்கம் உள்ள கரையில் தூண்டிலின் ஈயக்குண்டை ஓரிடத்தில் நிற்கவிடாமல் உருட்டும். கரை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வேகத்தைக் காட்டும் எண்ணுக்குப் பொருள் கிடைக்கும்.

படி 1: கரையின் முகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

நீர் விளிம்புக்கு நேர்செங்குத்தாக, கடலைப் பார்த்து நின்று, கைப்பேசியிலுள்ள திசைகாட்டியில் எந்தத் திசை தெரிகிறது என்று பாருங்கள். அதுவே அந்தக் கரையின் முகம். வளைந்த விரிகுடாவாக இருந்தால் ஒரு முனை ஒரு திசையையும் மறுமுனை வேறொரு திசையையும் பார்த்திருக்கும் என்பதால், நீங்கள் தூண்டில் போடப்போகும் இடத்திலேயே நின்று பார்க்க வேண்டும்.

படி 2: காற்றைச் சரியாகப் படியுங்கள்

வானிலை அறிவிப்பில் மேற்குக் காற்று என்றால் மேற்கிலிருந்து வரும் காற்று. மேற்கு நோக்கிப் போகும் காற்று அல்ல. ஆனால் பல செயலிகளில் வரையப்படும் அம்புக்குறி காற்று போகும் பக்கத்தைக் காட்டுவதால், தொடக்கத்தில் இங்கேதான் குழப்பம் வருகிறது. வேகம் நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) அளவில் இருந்தால் 1.852 ஆலும், வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று இருந்தால் 3.6 ஆலும் பெருக்கினால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். கரையில் நிற்கும்போது கருவி எதுவும் தேவையில்லை: இரண்டு காதிலும் காற்றின் இரைச்சல் ஒரே அளவாகக் கேட்கும்வரை மெல்லத் திரும்புங்கள், அப்போது உங்கள் முகம் காற்று வரும் பக்கத்தைப் பார்த்திருக்கும்.

படி 3: இரண்டையும் பொருத்திப் பாருங்கள்

கிழக்கு நோக்கிய ஒரு கரையை எடுத்துக்கொள்வோம்.

கிழக்கிலிருந்து காற்று வீசினால் அது கடலிலிருந்து கரைக்கு வரும் காற்று. அலை உயரும், மேல்நீர் கரையோரம் குவிந்து நீர்மட்டம் சற்று ஏறும், அடிமணல் கலங்கும். மணலுக்குள் புதைந்திருக்கும் புழுக்களும் சிப்பிகளும் சிறு நண்டுகளும் வெளிப்படுவதால், மோப்பத்தால் இரை தேடும் மீன்கள் நுரைக்குள்ளேயே, மிகக் குறைந்த ஆழத்திலும் வந்து மேயும். மிதமான வேகத்தில் வீசும்வரை, தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல காற்று இல்லை என்றே சொல்வேன். வேகம் கூடிவிட்டால் கடற்பாசியும் குப்பையும் தூண்டில் நரம்பில் ஏறிக்கொண்டு இரையை மூடிவிடும். அன்று மீன் இருந்தாலும் பிடிப்பது கடினம்.

மேற்கிலிருந்து வீசினால் அது நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று. கரையோரம் அலை தணிந்து நீர் தெளியும், தூண்டில் வீசும் தூரமும் கூடும். பார்வையை நம்பி வேட்டையாடும் மீன்களுக்குச் செயற்கை இரை போடுவதற்கு இது ஏற்றது. மோப்ப மீன்களோ பகல் வெளிச்சத்தில் தெளிந்த நீரில் கரைக்கு அருகே வரத் தயங்கும். இந்தக் காற்றில் ஓர் ஏமாற்றும் உண்டு. 1805-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் வகுத்த காற்று அளவுகோலின் இன்றைய வடிவத்தில், மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் வரை அங்கங்கே வெண்ணுரை தோன்றும் என்றும், 20 முதல் 28 வரை அது அடிக்கடி தெரியும் என்றும் இருக்கிறது. அது திறந்த கடலுக்கான கணக்கு. நிலக்காற்றுக்குக் கரையோரத்தில் அலை எழுப்பப் போதிய நீர்ப்பரப்பு கிடைப்பதில்லை என்பதால், அருகே கடல் அமைதியாகத் தெரியும்போதே தொலைவில் வெண்ணுரை பறந்துகொண்டிருக்கும். மிதந்து போகும் பொருளை எடுக்க நீந்துவதோ, காற்றடைத்த மிதவையில் இறங்குவதோ இந்தக் காற்றில் கூடவே கூடாது.

வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ வீசினால் காற்று கரையின் ஓரமாகப் போகிறது. அலைகளும் சாய்ந்து வந்து உடையும், கரையை ஒட்டி ஒரு நீரோட்டம் உருவாகும். மணலில் ஊன்றும் கம்பிக் கால்கள் உள்ள ஈயக்குண்டு இல்லாமல் இங்கே தூண்டிலை நிறுத்துவது அரிது. நாட்கணக்கில் இப்படி வீசினால் நீரின் வெப்பமும் மாறலாம். பூமியின் சுழற்சியால், வட அரைக்கோளத்தில் மேல்நீர் மொத்தமாகக் காற்றின் போக்குக்கு வலப்பக்கம் நகரும் என்பதை 1905-இல் சுவீடன் கடலியலாளர் எக்மன் விளக்கினார். ஆகவே அங்கே காற்று முதுகில் படும்படி நிற்கும்போது கரை உங்கள் இடப்பக்கம் இருந்தால், மேல்நீர் கரையைவிட்டு விலகி, கீழிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும்; தென் அரைக்கோளத்தில் இது எதிர்மாறாக நடக்கும். கடல் பார்ப்பதற்கு நன்றாக இருந்தும் மீன் திடீரென்று கடிக்காமல் போகும் நாட்களில், முதலில் நீரில் கையை வைத்துப் பாருங்கள்.

படி 4: நேற்றும் முந்தாநாளும் வீசிய காற்றைப் பாருங்கள்

அலையின் அளவைக் காற்றின் வேகம், அது வீசிய நேரம், தடையின்றி அது கடந்த நீர்ப்பரப்பின் நீளம் ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆகையால் காலையில் திசை மாறியவுடன் கடல் மாறிவிடாது. இரண்டு நாள் கடலிலிருந்து பலமாக வீசிய காற்று ஓய்ந்து, மெல்லிய நிலக்காற்று தொடங்கும்போது, அலை தணிந்துகொண்டிருக்கும், கலங்கல் பாதி தெளிந்திருக்கும், கிளறப்பட்ட இரையோ இன்னும் கரையோரத்திலேயே கிடக்கும். காத்திருந்து பிடிக்க வேண்டிய நேரம் இதுதான்.

உள்ளூர்க் காற்றோடு தொடர்பில்லாத அலைகளும் உண்டு. தொலைதூரப் புயல் எழுப்பிய நீளலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் வந்து சேரும். முன்னறிவிப்பில் அலை உயரத்தோடு அலைகளுக்கிடையிலான வினாடிகளையும் பாருங்கள். 10 வினாடிக்கு மேல் இருந்தால் அது பெரும்பாலும் தொலைவிலிருந்து வந்த நீளலை. அறிவிக்கப்படும் உயரம் என்பது மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரிதான் என்பதால், இடையிடையே அதைப்போல் இரு மடங்கு உயரமான அலையும் வரக்கூடும்.

படி 5: நேரத்தைக் கணக்கில் எடுங்கள்

பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுவதால் முற்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழுந்து பிற்பகலில் வலுக்கும். இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் விடியற்காலையில் மெல்லிய நிலக்காற்று இருக்கும். பெரிய வானிலை மாற்றம் இல்லாத நாட்களில் விடியலில் தெளிந்த நீர், பிற்பகலில் நுரைத்த நீர் என்று எதிர்பார்க்கலாம். ஆற்று முகத்துவாரத்தில் மட்டும் ஏற்ற வற்ற நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்: வற்று நீர் வெளியேறும் பக்கத்துக்கு எதிராகக் காற்று வீசினால் அலைகள் செங்குத்தாகி நெருங்கி வரும்.

படி 6: தூண்டிலைப் பிரிக்கும் முன் 20 நிமிடம் பாருங்கள்

சற்று உயரமான, ஈரம் படாத இடத்தில் நின்றுகொள்ளுங்கள். உடைவதற்கு முன் எழும் அலையின் முகத்தைக் கவனியுங்கள்: வெளிச்சம் ஊடுருவிப் பச்சையாகத் தெரிந்தால் நீர் தெளிவு; மணல் நிறத்தில் வெளிச்சமே புகாமல் இருந்தால் கலங்கல். பிறகு ஒரு நுரைத்திட்டைத் தேர்ந்து, அது போகும் பக்கமாகக் கரையில் அதற்கு இணையாக நடந்து செல்லுங்கள். நிதானமாக நடந்தும் உங்களால் அதைப் பிடிக்க முடியாவிட்டால் அந்த இடத்தில் குண்டு நிற்காது. அலைகள் உடையும் வரிசையில் ஓரிடம் மட்டும் உடையாமல் கருத்து, அதன் வழியே நுரை வெளியே போனால், அங்கே குவிந்த நீர் கடலுக்குத் திரும்புகிறது. அதன் ஓரங்கள் மீனுக்கு நல்லவை. ஆனால் அதில் கால் வைக்கக் கூடாது. பாறையில் நிற்பதாக இருந்தால், அந்த 20 நிமிடத்தில் ஒரே ஒரு அலை நீங்கள் நிற்க நினைத்த இடத்தை நனைத்திருந்தாலும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

படி 7: காற்றுக்கேற்ப வீசுங்கள்

முதுகுக் காற்றில் சற்று உயர்த்தி வீசலாம். பக்கக் காற்றில் நரம்பு வில்லாக வளைந்து மீன் கடிப்பது தெரியாமல் போகும் என்பதால், காற்று வரும் பக்கம் சற்றுத் திருப்பி, தாழ்வாக வீசி, குண்டு நீரில் விழுந்தவுடன் தொங்கும் நரம்பைச் சுற்றி எடுங்கள். எதிர்காற்றில் மெல்லிய நரம்பும், சிறிய, இறுகக் கட்டிய இரையும், தாழ்ந்த வீச்சும் உதவும். அந்தக் காற்றில் தூரத்துக்காகப் போராட வேண்டியதும் இல்லை: மீன்கள் நுரைக்குள் மேயும் நேரம் அது என்பதால், முதல் அலைவரிசைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் இரை விழுந்தாலே போதும்.