புவிச்சரிதவியல் பட்டம் கையில்: கொழும்பில் முதல் வேலைக்குப் போகும் வழி

"புவிச்சரிதவியல், அதாவது ஜியோலொஜி, படிக்கிறன்" என்று வெள்ளவத்தைச் சித்தியிடம் சொன்னபோது, "ஓ, ஜியோகிரபி ரீச்சரா வரப்போறியா?" என்று கேட்டார். அன்று சிரித்தேன். பேராதனையில் படிப்பு முடிந்து பெட்டி படுக்கையோடு கொழும்புக்கு வந்து இறங்கிய பிறகுதான், வேறு என்னவாக வரப்போகிறேன் என்று எனக்கும் தெரியவில்லை என்பது உறைத்தது. ஏழு மாதம், மூன்று நேர்முகப் பரீட்சை, அதில் ஒன்றில் வாங்கிக் கட்டியது. இறுதி வருடத்தில் இருக்கிற தம்பி தங்கச்சிகள் அதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பாடத்தெரிவு, புள்ளி, வகுப்பு பற்றியெல்லாம் இங்கே இல்லை. அதைச் சீனியர்மார் சொல்லித் தருவார்கள்.

படி 1: எந்தப் பக்கம் என்று பாருங்கள்

அரச பக்கம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பிட்டகோட்டேயில் இருக்கும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். வரைபடம், கனிய ஆய்வு, கல்குவாரி மணல் அனுமதிப்பத்திரம் எல்லாம் அங்கேதான். 1903இல் தொடங்கிய கனிய அளவையில் இருந்து வளர்ந்தது அது. அதன் முதல் பணிப்பாளர் யார் தெரியுமா? ஆனந்த குமாரசுவாமி. சிற்பமும் நடனமும் எழுதிய அதே ஆள்தான். தோரியனைற்று என்ற கனியத்தை 1904இல் கண்டுபிடித்தவரும் அவரே. சித்திக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.

மண்சரிவு என்றால் ஜாவத்தை வீதியில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். மலையகத்துப் பிள்ளைகள் இதை யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயன்கள் புதைந்தன. சரிவு எச்சரிக்கையைத் தோட்டத்து மக்களிடம் தமிழில் விளக்கத் தெரிந்த ஒரு புவிச்சரிதவியலாளரின் பெறுமதி அங்கே போனால்தான் விளங்கும்.

நிலத்தடி நீர் என்றால் நீர்வள சபை, நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லும் கிணற்று நைத்திரேற்றும் தெரிந்த ஆளுக்கு இதில் சொல்ல நிறைய இருக்கும்.

தனியார் பக்கம் கற்குழி, சீமெந்து, காரீயம் (கிராபைற்று), எல்லாவற்றுக்கும் மேலாக அத்திவார ஆய்வுத் துளையிடல். கொழும்பில் ஒவ்வொரு மாடிக் கட்டடத்துக்கும் முதல் நிலத்தைத் துளைத்துப் பார்த்தே ஆக வேண்டும். நான் இருப்பது இதில்தான். மாணிக்கக்கல் பக்கம் போக ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: அங்கே பட்டத்தைவிட முதல் போடக் காசும் கண்பழக்கமும் பேசும். மன்னார்க் கடலில் 2011இல் எரிவாயு கண்டுபிடித்ததை வைத்து எண்ணெய்க் கனவு கண்ட எங்கள் பட்ச் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

படி 2: விளம்பரம் தேடுங்கள்

வெள்ளிக்கிழமை வர்த்தமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சபைகளும் பணியகங்களும் பத்திரிகையிலும் தங்கள் இணையத்தளத்திலும் விளம்பரம் போடும். அரச வேலை வரும்வரை வீட்டில் இருப்பது பிழை. தனியாரில் ஒரு வருடம் சேறு மிதித்தால் அதே அனுபவம் பிறகு விண்ணப்பத்தில் ஏறும்.

படி 3: கோர் பெட்டியோடு பழகுங்கள் (இங்கேதான் நான் விழுந்தேன்)

ஒரு துளையிடல் கொம்பனியில் நேர்முகப் பரீட்சை. சேர்ட்டிபிக்கேற்றைத் திறந்தும் பார்க்கவில்லை. கொட்டகைக்குக் கூட்டிப்போய், நிலத்தில் இருந்து துளைத்தெடுத்த உருளைக் கல்லை அடுக்கிய ஒரு கோர் பெட்டியைக் காட்டி, "ஆர்.கியூ.டி. சொல்லும்" என்றார்கள். பாறை எவ்வளவு முறியாமல் முழுசாக இருக்கிறது என்று காட்டும் வீதம் அது. சூத்திரம் எனக்குத் தண்ணிபட்ட பாடு: 10 சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் நீளமான துண்டுகளைக் கூட்டி, துளைத்த நீளத்தால் வகுத்து, நூற்றுவீதமாக்க வேண்டும்.

துளைத்தது 150 செ.மீ. துண்டுகள் மேலிருந்து கீழாக 24, 7, 18, 9, 31, 5, 22, 16. அதோடு ஒரு 8 செ.மீ. நொருங்கல். நான் 24, 18, 31, 22, 16 ஐக் கூட்டினேன். 111. அதாவது 74 வீதம், "நடுத்தரம்".

நேர்முகப் பரீட்சை எடுத்த அண்ணா ஒன்றும் பேசவில்லை. 18ஐயும் 9ஐயும் எடுத்து ஒன்றோடொன்று பொருத்தினார். கோடுகூடத் தெரியாமல் பொருந்தியது. அது நிலத்துக்குள் இருந்த வெடிப்பு இல்லை. கோரைக் குழாயில் இருந்து தட்டி எடுக்கும்போது முறிந்தது. 5உம் 22உம் அப்படியே. பொறியால் வந்த முறிவை வெடிப்பாக எண்ணக் கூடாது, இரண்டையும் சேர்த்து ஒரு துண்டாகவே எடுக்க வேண்டும். 24, 27, 31, 27, 16. மொத்தம் 125, அதாவது 83 வீதம். 75ஐத் தாண்டிவிட்டதால் பாறை இப்போது "நல்லது". என் கணக்கை நம்பியிருந்தால் தேவையில்லாமல் பைலை (அத்திவாரத் தூணை) இன்னும் ஆழத்துக்கு இறக்கியிருப்பார்கள். அந்தக் காசு யாருடையது என்று அவர் கேட்டார். வேலை கிடைக்கவில்லை.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? முதலில் கோரைத் தண்ணீர் தெளித்து நனையுங்கள். காய்ந்த கோர் பொய் சொல்லும். இயற்கை வெடிப்பின் முகத்தில் துருப்பிடித்த மாதிரிக் கபிலக் கறை, களி, அல்லது வழவழப்பு இருக்கும். பொறி முறிவின் முகம் புதிதாக, பளிச்சென்று, சொரசொரப்பாக இருக்கும். இரு பக்கமும் இறுக்கமாகப் பொருந்தும். எங்கள் நைஸ் (gneiss) என்ற பட்டை ஓடிய பாறையில் இன்னொரு பொல்லாப்பு உண்டு: கறுப்பு மைக்கா பட்டை ஓடும் இடத்தில் அது லேசாகவே பிளக்கும், பார்த்தால் இயற்கை வெடிப்பு மாதிரியே இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் இயற்கை என்றே எழுதிவிடுங்கள், அதுதான் பாதுகாப்பான பக்கம். துண்டின் நீளத்தை ஓரத்தில் அளக்காமல் நடுக்கோட்டில் அளவிடுங்கள்.

பழக எங்கே போவது? விடுமுறையில் ஏதாவது துளையிடல் தளத்தில் இரண்டு கிழமை சம்பளம் இல்லாமல் நில்லுங்கள். இரண்டு பெட்டியை லொக் பண்ணி (துண்டு துண்டாகப் பார்த்துக் குறித்து), நனைத்துப் படம் எடுத்து, விண்ணப்பத்தோடு இணையுங்கள். பொறி ஓட்டுகிற ஆக்களோடு சிங்களத்தில் கதைக்கப் பழகுங்கள். தண்ணீர் எந்த ஆழத்தில் திடீரென்று இறங்கியது, எங்கே "கபொக்" (செம்புரைக்கல்) முடிந்து கல் தட்டியது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பெட்டியில் அது எழுதியிருக்காது.

படி 4: சாமான்

பத்து மடங்கு கைவில்லை ஒன்று சொந்தமாக வாங்குங்கள், கழுத்தில் கட்டிக்கொள்ளுங்கள். விலை கூடின சுத்தியல் இப்போதைக்கு வேண்டாம். ஃபோனில் இருக்கும் திசைகாட்டியைத் துளைபொறிக்குப் பக்கத்தில் நம்பவே கூடாது, இரும்பு இழுக்கும். வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். காசு கட்டுகிற மென்பொருளைக் கள்ளமாக இறக்கி மடிக்கணினியை நாசமாக்கிய நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

பிற்சேர்க்கை 1

இதை வாசித்துவிட்டு ஒரு தம்பி எழுதினார்: "அண்ணா, நான் வரைபடத்தில போட்ட துளைப் புள்ளிகள் எல்லாம் கடலுக்குள்ள நிக்குது." படத்தைப் பார்த்ததும் விளங்கியது. நம் நாட்டில் இரண்டு ஆள்கூற்று முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. பழைய கந்தவல முறையின் தொடக்க எண் 200,000, புதிய எஸ்.எல்.டி.99இன் தொடக்க எண் 500,000. (கந்தவல நீர்கொழும்புப் பக்கம். கிளிநொச்சிக் கண்டாவளையோடு குழப்ப வேண்டாம்.) பழைய எண்ணைப் புதிய முறையில் போட்டால் புள்ளி மேற்கே 300 கிலோமீற்றரும் தெற்கே 300 கிலோமீற்றரும் தள்ளிப்போகும். அடையாளம் லேசு: கொழும்புக்கு கிழக்கு எண் ஒரு லட்சத்துக்கு அருகே வந்தால் பழையது, நாலு லட்சத்துக்கு அருகே வந்தால் புதியது. கியூஜிஐஎஸில் ஆள்கூற்று முறையைத் தெரியும் இடத்தில் பழையதற்கு EPSG 5234, புதியதற்கு EPSG 5235 என்று தேடுங்கள்.

பிற்சேர்க்கை 2

"வீட்டில ஃபீல்டுக்கு விடமாட்டினம்" என்று இரண்டு தங்கச்சிகள். நீர் இரசாயன ஆய்வுகூடமும் சரிவு வரைபட வேலையும் இருக்கின்றன, பெரும்பாலும் உள்ளே இருந்தே செய்யலாம். ஆனாலும் ஒரு தளத்துக்காவது போய்வாருங்கள். முதல்நாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாலும் பரவாயில்லை. எங்கள் தளத்துக்கு ஒரு பிள்ளை அப்படித்தான் வந்தாள். அம்மா குடை பிடித்துக்கொண்டு நிற்க, அவள் மூன்று பெட்டி லொக் பண்ணினாள். போகும்போது அம்மா ஒரு கோர்த் துண்டை எடுத்து, "இதை வீட்ட கொண்டு போகலாமோ?" என்று கேட்டார். கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.